பெண்கடல் ஓரத்துக் கிணறு

அப்பாயிக்கு ஊர்ப் பெயர்கள் நினைவில் தங்காது, தண்ணீர் தங்கும். அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரை ‘பருப்பு வேகாத ஊர்’ என்றுதான் சொல்வாள். அப்பா கொஞ்ச காலம் வேலை பார்த்த ஊர் ‘துணி வெளுக்காத ஊர்’. கல்யாணத்துக்குப் போய் வந்தால், பெண் எப்படி, பந்தி எப்படி என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, “தண்ணி சப்புன்னு இருந்துச்சு” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வாய் நிறையப் புகழ்ந்த தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் காவேரி இல்லை. ராமேஸ்வரத்துப் பக்கம், கடலோரத்தில், பெயர் தெரியாத ஏதோ ஒரு கிணற்றுத் தண்ணீர்.

ஜீயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள் இப்படிச் சொல்வதை எங்கள் வீட்டில் யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வடக்கே காவேரி. மேற்கே கொஞ்ச தூரம் போனால் முக்கொம்பு. வயலெல்லாம் வாழையும் வெற்றிலையும். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாளே ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்துவிடுவார். சவரம் செய்துகொள்ளப் போன பேரன் ரங்கன் ஆற்றோடு போய்விட, பாட்டி கதறிய கதறலுக்குப் பெருமாள் பேரன் உருவில் வந்து உட்கார்ந்து பழைய சோறும் மாவடுவும் தின்றுவிட்டுப் போனார் என்பது கதை. இன்றைக்கும் அந்த நாளில் அவருக்குப் பழையதும் மாவடுவும் அமுது செய்விக்கிறார்கள். அப்பாயி அதைக் கதை என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். அந்தப் பாட்டி எந்தத் தெருவில் இருந்தாள் என்று கைகாட்டுவாள்.

கோடையில் ஆறு வற்றிவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து, அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும்வரை ஆறு என்பது மணல்தான். அந்த மணலில் ஊற்றுத் தோண்டும் வித்தையை எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது அப்பாயி. எல்லா இடத்திலும் தோண்டக்கூடாது. காலையில் வெறுங்காலோடு நடந்து பார்த்து, உள்ளங்காலில் சில்லென்று படும் இடத்தில்தான் கையை வைக்க வேண்டும். முழங்கை ஆழம் போதும். முதலில் ஊறும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் மூன்று நான்கு தடவை இறைத்து வெளியே கொட்டிவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மணல் ஒவ்வொரு பருக்கையாக அடியில் படியும். பிறகு ஓரத்திலிருந்து நூல் மாதிரி தண்ணீர் வந்து குழி நிறையும். அடியில் கிடக்கும் காக்காப்பொன் துணுக்குகூடப் பளபளவென்று தெரியும். அவசரப்பட்டு இன்னும் ஆழமாகப் பறித்தால் பக்கம் சரிந்து மறுபடியும் கலங்கிப்போகும். “ஆழமாப் போனா நெறையா வரும்னு எவன்டா சொன்னான்?” என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

அந்தக் கடலோரக் கிணற்றுக்கு அவள் போனது, போட் மெயில் நேரே தனுஷ்கோடிவரை ஓடிய காலத்தில். தாத்தாவின் தம்பி ஒருவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். திருச்சியில் ரயிலேறி, தனுஷ்கோடித் துறையில் இறங்கி, தலைமன்னார்க் கப்பலில் ஏறினால் அக்கரை. அவரை வழியனுப்பத் தாத்தாவும் அப்பாயியும் கூடவே போயிருக்கிறார்கள். அப்போது அப்பா வயிற்றில். எதைக் குடித்தாலும் வாந்தி. திரும்பும் வழியில் ராமேஸ்வரத்தில் தங்கி, வண்டி கட்டிக்கொண்டு சுற்றுக் கோயில்களைப் பார்த்தபோது ஓர் இடத்தில் யாரோ இறைத்து ஊற்றினார்களாம். “அந்தத் தண்ணி மட்டும் வயித்துல நின்னுச்சு. உங்கப்பன் இன்னைக்கு நிக்கிறானே, அந்தத் தண்ணியாலதான்” என்பாள். அப்பா எழுந்து வேறு பக்கம் போய்விடுவார்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் தனுஷ்கோடியை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை ஆட்களோடு வாரிக்கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. அப்பா பேப்பரைப் படித்துச் சொல்லச்சொல்ல வீடே வாயடைத்துக் கிடந்ததாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கெணறு இருக்குதாமா?” என்று அப்பாயி கேட்டாளாம். அதை வைத்து அவளைப் பல வருஷம் கேலி செய்தார்கள். பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர் 46 நாளில் நிமிர்த்திவிட்டார். தனுஷ்கோடி மட்டும் மறுபடியும் ஊராகவே இல்லை.

தாத்தா தவறிப்போன மறுவருஷம், நான் ஐந்தாவது முடித்திருந்த கோடை விடுமுறையில், ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வேண்டும் என்று அப்பாயி ஒற்றைக்காலில் நின்றாள். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சித்தப்பா கூட வந்தார். செலவை எழுத ஒரு சின்ன நோட்டு அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். புளிச்சோற்று மூட்டை, மாவடு ஜாடி, ஒரு பித்தளைத் தூக்கு. திருச்சி ஜங்ஷனில் ராத்திரி ஏறினோம். விடியும்போது மண்டபம். தீவுக்குச் சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அப்போது ரயிலை விட்டால் வேறு வழியில்லை. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தது. கைப்பிடிச் சுவர் எதுவும் கண்ணில் படாததால், ஜன்னலுக்கு வெளியே நேரே கடல். நான் அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகள். இடுப்பில் ஈரத் துண்டு கட்டியவர்கள் கிணற்று விளிம்பில் ஏறி நின்று, சின்ன வாளியை விட்டு இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கல் தரை முழுக்க ஈரம், வழுக்கல், கூச்சல். எனக்கு அது ஒரு திருவிழா. அப்பாயி ஒவ்வொரு கிணற்றிலும் உள்ளங்கையைக் குவித்துக் கொஞ்சம் வாயில் விட்டுச் சப்பிப் பார்த்தாள். “குளிக்கிற தண்ணி பாட்டி, குடிக்காதீங்க” என்று வாளிக்காரர் ஒருவர் அதட்டினார். “ருசி பாக்குறேன் தம்பி” என்றாள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனாலும் ஒரு கிணறுகூடக் கரிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருந்தது. 22-ம் முடிந்தபோது தலையை உலுக்கி, “இதுல ஒண்ணும் இல்ல” என்றாள்.

சத்திரத்துத் திண்ணையில் விசாரணை நடந்தது. கிணற்றுக்குப் பெயர்? தெரியாது. எந்தத் திசை? வண்டி போன திசை. ராமர் கோயில் பக்கம், கூட்டமில்லை, பனைமரம், கடல் கண்ணுக்குத் தெரிந்தது. ராமேஸ்வரத்தில் இந்த அடையாளத்துக்கு எத்தனை இடம் வேண்டுமானாலும் உண்டு. புயலில் போயிருக்கும் என்று சித்தப்பா முடித்துவைக்கப் பார்த்தார். அவருக்கு மறுநாள் ராத்திரி வண்டியைப் பிடிக்கும் எண்ணம். அப்போது அப்பாயி, இதுவரை எங்களிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்: “கடல் இருந்துச்சு, ஆனா சத்தம் இல்ல. ஏரியாட்டம் கெடந்துச்சு.”

குதிரை வண்டிக்காரர் அதுவரை எங்களைச் சட்டை செய்யாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார். பீடியைக் கீழே போட்டார். “சத்தம் போடாத கடலா? அப்ப பெண்கடல் பக்கம் பாட்டியம்மா. தனுஷ்கோடிப் பக்கம் தேடாதீக.”

தீவின் தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். கடற்கரைச் சனங்கள் இப்படித்தான் பிரித்துச் சொல்வார்கள். ஒரு பக்கம் அலை அடித்து நொறுக்கும், இன்னொரு பக்கம் சலசலப்பு மட்டும். பேப்பர், புயல், எங்கள் கேலி எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டு அவர் குதிரையைப் பூட்டினார்.

முதலில் வில்லூண்டி தீர்த்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமன் வில்லை ஊன்றி எடுத்த ஊற்று என்பார்கள். கடலுக்குள்ளேயே கிணறு, சுற்றிலும் உப்புத் தண்ணீர், உள்ளே நல்ல தண்ணீர். எனக்கு அதைவிட்டு வர மனமில்லை. இதைவிட அதிசயமாக ஒரு கிணறு வேண்டுமா என்ன? சித்தப்பாவும் “இதுதானேம்மா?” என்று நம்பிக்கையோடு கேட்டார். அப்பாயி குடித்துப் பார்த்தாள். “நல்ல தண்ணிதான். நான் குடிச்சது தரையில.” நோட்டில் வண்டிச் சத்தம் ஏறியது.

தங்கச்சிமடம் தாண்டி ஒரு மணல் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது அப்பாயி வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பனையும் மணலும் உடைமரமும். அவள் கண்ணுக்கு வேறு ஒன்று பட்டிருக்கிறது. மரநிழலில் பாத்தி பாத்தியாக ஏதோ பச்சை. மல்லிகை நாற்று. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று இன்றைக்கும் வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. குச்சிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, நெருக்கி நெருக்கி மணலில் ஊன்றியிருந்தார்கள். ஒவ்வொரு குச்சியின் கணுவிலும் இரண்டு இலை. பாத்தி ஓரத்தில் ஆளுயரம்கூட இல்லாத ஒரு பள்ளம். அதில் இறங்க மணலிலேயே படி. ஒரு பெண் இரண்டு குடங்களோடு அதில் இறங்குவதும், மொண்டுகொண்டு ஏறுவதும், நாற்றின் மேல் சாய்த்து ஊற்றுவதுமாக இருந்தாள்.

“கரிச்ச தண்ணியில மல்லி வேர் விடுமா? இங்கதான் இருக்கணும்” என்று அப்பாயி இறங்கிவிட்டாள். ஆயுசு முழுக்க வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் கட்டியவள். அதற்குப் பிறகு வண்டிக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் வேலை இல்லை.

நாற்றுக்காரப் பெண்ணின் கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. அப்பாயி கேட்டதும், “ராமரு கோயிலுக் கெணறா? வாங்க ஆச்சி” என்று குடத்தை வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். நடந்தபடியே எங்கள் ஊரைக் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். “காவேரிக் கரையிலயிருந்தா இதத் தேடி வந்திருக்கீக?”

“அது வருசத்துல பாதி நாளு வராது தாயி” என்றாள் அப்பாயி. எங்கள் முன்னால் காவேரியை விட்டுக்கொடுத்து அவள் பேசிய ஒரே தடவை அது.

ஏகாந்தராமர் கோயில் என்று வண்டிக்காரர் பெயர் சொன்னார். உச்சிப்பொழுது, நடை சாத்தியிருந்தது. ஆள் அரவம் இல்லை. கிணற்றில் வாளியோ கயிறோ இல்லை. விளிம்புக் கல்லில் முன்பு கயிறு உரசி உரசி விழுந்த தடங்கள் விரல் நுழையும் அளவுக்கு இருந்தன; அவற்றில் இப்போது மணல் அடைந்திருந்தது. நான் ஒரு தடத்தை நகத்தால் சுரண்டினேன், உள்ளே எறும்பு. எட்டிப் பார்த்தால் பழுத்த இலைகள் மிதக்க, கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர். அந்தப் பெண் ஓடிப்போய்ப் பனையோலைப் பட்டையும் கயிறும் கொண்டுவந்தாள். முதல் பட்டையை அப்பாயி வாங்கிக் கீழே கொட்டினாள். இரண்டாவதையும் கொட்டினாள். ஊற்றுக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாலைந்து பட்டை போன பிறகு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, கொப்புளித்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தாள். கழுத்து ஏறி இறங்கியது. “இதுதான்” என்றாள்.

எனக்கும் கொடுத்தாள். இலை வாசம் அடித்த தண்ணீர், அவ்வளவுதான். கிழவி களைத்துப்போய்விட்டாள், இனி முடியாது என்றுதான் ‘இதுதான்’ என்று சொல்லிவிட்டாள் என்று சித்தப்பா பல வருஷம் கழித்தும் சாதித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் பாதி உண்டு. ஆனால் தூக்கு நிறைய மொண்டுகொண்டு ஊருக்கு வந்தவள், அதைப் பூஜை அறையில் வைக்காமல் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் பருப்பு வேகவைத்தாள். பருப்பு மலர்ந்துதான் வெந்தது. அத்தை வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

கல்லூரிக் காலத்தில்தான் சேது மாகாத்மியத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஸ்காந்த புராணத்தில் வருவது. தமிழில் நிரம்ப அழகிய தேசிகர் சேதுபுராணமாகப் பாடியிருக்கிறார். 24 தீர்த்தங்களை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதில் அமிர்தவாபி என்று ஒன்று. அதன் பக்கத்தில்தான் ராமன் இலங்கைப் போருக்கு முன்னால் தன் ஆட்களோடு தனியே அமர்ந்து ஆலோசனை செய்தானாம். அலைச் சத்தம் இடைஞ்சலாக இருக்க, கடலை அடக்கினான். அன்று அடங்கிய கடல் அங்கே இன்னும் வாய் திறக்கவில்லை. ஏகாந்தராமர் என்ற பெயர் அப்படி வந்தது. வண்டிக்காரர் சொன்ன பெண்கடலும் புராணம் சொன்ன அடங்கிய கடலும் ஒன்றுதான்.

புண்ணியப் பட்டியல் என்று பெரியவர்கள் படிக்கும் அந்த 24-ஐ நான் வேறு விதமாகப் படிக்கிறேன். காசியிலிருந்து கால்நடையாக வந்த யாத்திரிகன், ஆறில்லாத ஒரு மணல் தீவில் இறங்குகிறான். சுற்றிலும் கடல். அவனுக்கு முதலில் தெரிய வேண்டியது எங்கே குடிக்கலாம் என்பதுதான். இந்தத் தீவின் நல்ல தண்ணீர் முழுக்க மழை கொடுத்தது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்று டச்சுக்காரர் கைபன் 1888-இலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மேலே 1 அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். ஆகவே மேலாக, கொஞ்சமாக, பல இடங்களில் மொண்டால் கிணறு பிழைக்கும். ஒரே இடத்தில் ஆழமாகத் துளைத்து மோட்டாரால் உறிஞ்சினால் உப்புதான். தீர்த்தங்களை 24 இடத்தில் பரத்தி வைத்தவர்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்திருக்க மாட்டார்கள். அப்பாயியும் படிக்கவில்லை, கைநாட்டு.

அண்மையில் போனபோது தீவு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. பழைய ரயில் பாலம் ஓய்வுக்குப் போய், பக்கத்தில் புதியதை 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். மண்மூடிக் கிடந்த தீர்த்தங்கள் பலவற்றை விவேகானந்த கேந்திரத்தார் தேடிப் பிடித்துத் தூர்வாரிக் கரைகட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். பெயர்ப் பலகைகளும் இருக்கின்றன. அப்பாயி இருந்திருந்தால் பலகையைப் பார்க்காமல் வாளியைக் கேட்டிருப்பாள்.

நாற்றுப் பண்ணைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் மல்லிகை நாற்று விலை விசாரித்தேன். பண்ணைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். திருச்சிப் பக்கம், ஜீயபுரம், காவேரிக் கரை என்றேன். திருச்சி அருகே காவேரிப் படுகை மணலில் கிணறு இறக்கி, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் மாவட்டம்வரை குழாயில் கொண்டுபோகிறார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டம். தீவில் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது அந்தத் தண்ணீர்தான்.

“அப்ப எங்களுக்குத் தண்ணி விடுறது நீங்கதானா?” என்று அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “முந்தாநாளு ஏன் விடல?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்றுக்கு அந்தத் தண்ணீரை ஊற்றுவீர்களா என்று கேட்டதற்கு, மருந்து வாடை அடிக்குது, மல்லிக்கு ஒத்துக்காது என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிக் குடத்தை அமுக்கினார். நூறு நாற்றுக்குச் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை.